வெயில் பட்டால் தெரியும் வண்டி

மச்சான்,

வண்டி நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டது. கீழே பார்க்கிங்கில் நிறுத்தியிருக்கிறேன். புதுப் பெயிண்ட் வாசனை மாடிப்படி வரைக்கும் ஏறி நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், புது வண்டியா?" என்று கேட்டார். பழசுதான் என்றேன். அவர் நம்பவில்லை.

முன் மட்கார்டு, டேங்கின் இரண்டு பக்கம், ஹெட்லைட் வளையம், சைலன்சர் எல்லாமே இப்போது கறுப்பு. ஒரு இடத்தில்கூட அந்தப் பளபளக்கும் குரோம் பூச்சு இல்லை. நீ இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எப்படி நடந்தது என்று உனக்குச் சொல்லாமல் அந்த வண்டியை வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தபோது நீ வாங்கிய வண்டி இது. கம்பெனியில் எல்லோரும் வேப்பமரத்து நிழலுக்குச் சண்டை போடுவார்கள். நீ மட்டும் நட்ட நடு வெயிலில் நிறுத்துவாய். டேங்க் அடுப்புக் கல் மாதிரி கொதிக்கும். ஏண்டா இப்படி என்று கேட்டால், "நெழல்ல நிறுத்துனா யாருக்குத் தெரியும் மச்சான்?" என்பாய். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் வாசலுக்குப் போய் அது மின்னுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவாய். எல்லோரும் உன்னைக் கிண்டல் செய்வோம். உனக்கு அது பிடித்திருந்தது.

அப்புறம் சர்க்கரை உன் கண்ணுக்குப் போனது. முதலில் டியூப் லைட்டைக் குறை சொன்னாய். பிறகு டிராயிங்கில் அச்சு சரியில்லை என்றாய். ஆஸ்பத்திரியில், கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்திருக்கிறது, வெகு தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார்கள். வெளியே வந்தோம். கேட் பக்கத்தில் நின்று சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாய். "நீ ஓட்டு," என்றாய். அன்றிலிருந்து நீ பின் சீட்டுக்காரன்.

திருமுல்லைவாயிலில் உன் வீட்டு வாசலில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ கேட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நான் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். உன் மனைவி செல்வி டீ எடுத்து வந்து நம் பக்கத்தில் நின்றாள்.

"மச்சான், கொஞ்சம் முன்னாடி தள்ளு," என்றாய். தள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம்."

வண்டி வீட்டு நிழலைத் தாண்டியது.

"தோ. தெரியுது."

"இன்னா தெரியுது?"

"வெள்ளையா, தகதகன்னு. மேல இருக்கறது டேங்க்கு. கீழ நீட்டா ஒண்ணு கீது பாரு, அது சைலன்சர்."

உன் கை சரியாக அந்தந்த இடத்தைக் காட்டியது. செல்வி டம்ளரை நாற்காலிக் கைப்பிடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் போன சத்தம் கேட்ட பிறகுதான் நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "அவ மூஞ்சி தெரில மச்சான். இது தெரியுது. இன்னா கண்ணுடா இது."

பாலிஷ் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த டேங்கைத் துடைக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் வந்தது அந்தக் குரோமுக்காகத்தான். அதுவரை அது உன் பகட்டு. அன்றிலிருந்து உனக்கு மிச்சமிருந்த பார்வை அதுதான்.

பெருமழை வருஷம் உங்கள் தெருவில் தண்ணீர் வடியவே இல்லை. வண்டி பாதி உயரம் நனைந்து கிடந்தது. தண்ணீர் இறங்கிக் கொஞ்ச நாளில் குரோமில் வேர்க்குரு மாதிரி புள்ளிகள் கிளம்பின. நான் கவனிப்பதற்கு முன்னாலேயே உன் விரல் கண்டுபிடித்துவிட்டது. "இங்க சொரசொரன்னு கீது," என்று மட்கார்டின் அடிப்பக்கத்தைத் தடவினாய். நான், பேசாமல் பெயிண்ட் அடித்துவிடலாம், தகடாவது தங்கும் என்றேன்.

நீ கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை.

"அடிச்சிட்டா எனக்கு வண்டியே காணாம பூடும் மச்சான்."

அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை.

பிறகு சிறுநீரகம். பிறகு டயாலிசிஸ். கடைசியில் செல்வி தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் நீ போய்விட்டாய். காரியம் முடிந்த மறுநாள் அவள் சாவியைக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள். "இது வாசல்ல நின்னா நான் பாத்துகினே இருப்பேண்ணா. நீங்க எடுத்துகினு போங்க," என்றாள்.

எடுத்து வந்தேன். ஞாயிறு தவறாமல் துடைத்தேன். துடைக்கத் துடைக்கத் துணி சிவப்பானது. துரு குரோமுக்கு அடியில் நடந்துகொண்டிருந்தது, நான் மேலே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அம்பத்தூரில் ரஃபி என்று ஒருவர் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, திரும்பக் குரோம் போட முடியுமா என்று கேட்டேன். அவர் விரலால் சைலன்சரைத் தட்டிச் சத்தம் கேட்டார். "குரோம் போடணும்னா இத நல்லா தேய்க்கணும் சார். தேச்சா ஓட்டை உழுந்துடும். தகடு அவ்ளோதான் மிச்சம் கீது. பெயிண்ட்டுன்னா காப்பாத்தலாம். ஆனா குரோம் மேலயே அடிச்சா நிக்காது, உரிஞ்சிகினு வந்துடும். மொத்தத்தையும் எடுத்துட்டுத்தான் அடிக்கணும்."

அந்த 'மொத்தத்தையும்' என்ற வார்த்தை என்னைத் திருப்பி அனுப்பிவிட்டது. அப்புறம் சொல்கிறேன் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மழைக்காலம் முழுவதும் ரஃபி கடைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் துடைக்கும்போது ஒரு குரோம் செதில் கட்டைவிரலில் ஏறியது. பிடுங்கிப் பார்த்தேன். ஒருபக்கம் உன் பளபளப்பு, மறுபக்கம் துரு. மட்கார்டில் அது உரிந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் தகடு உள்ளே போனது. இனியும் தள்ளிப்போட்டால் வண்டியே இருக்காது என்று புரிந்தது.

ஆனாலும் நானாக முடிவெடுக்க முடியவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு செல்வியிடம் போனேன்.

அவள் சுற்றி வந்து பார்த்தாள். பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்க வந்தேன் என்றேன்.

"இன்னா கலருண்ணா?"

"கலரு இல்லம்மா விஷயம். அவன் வேணாம்னு சொன்னான்."

அவள் மட்கார்டின் துருவை விரலால் தொட்டாள். பிறகு சொன்னாள்: "அவரு கண்ணுக்குத் தெரியணும்னுதான் உட்டு வெச்சோம். இனிமே யாருக்குண்ணா தெரியணும்?"

கோபமாகச் சொல்லவில்லை, மச்சான். உண்மையாகவே கேட்டாள்.

கிளம்பும்போது, "ஒரு நிமிசம், கொஞ்சம் வெயில்ல தள்ளுங்க," என்றாள். தள்ளினேன். நீ உட்காரும் இடத்தில் போய் நின்றுகொண்டாள். கண்ணை இறுக மூடி, பிறகு இமையைக் கொஞ்சமாகத் திறந்து, அந்த இடுக்கு வழியாக வண்டியைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் சுருங்கியிருந்தது.

"வெள்ளையா தெரியுது," என்றாள். "வேற ஒண்ணும் தெரில. இப்டித்தான் இருந்திருக்குமாண்ணா அவருக்கு?"

"இப்டித்தான் இருந்திருக்கும்."

கண்ணை முழுசாகத் திறக்காமல் அப்படியே நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். வெகு நேரம் கழித்து, "எடுத்துகினு போங்க. கறுப்பே அடிச்சிடுங்க," என்றாள்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் ரஃபி மறுபடி ஒருமுறை கேட்டார். "எடுத்துட்டா திரும்ப வராது சார். சரிதானே?" சரி என்றேன். அவர் மெஷினைப் போடும்வரை நான் அங்கே நிற்கவில்லை.

நல்ல வேலைக்காரர். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்முடைய வண்டி என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். வெயில் அதன்மேல் பட்டு அப்படியே நின்றுவிடுகிறது.

இன்று காலை முதல்முறையாக அதை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி வழியாகச் செம்பரம்பாக்கம் வரை போய் வந்தேன். உன்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிய நாட்களில் நான் ரோட்டைச் சொல்லிக்கொண்டே போவேன், ஞாபகமிருக்கிறதா? லாரி தாண்டுது, மாடு நிக்குது, பஸ்ஸில் பாதிப் பேர் தொங்கறாங்க என்று. நீ விழுந்துவிடக் கூடாதே என்று ஆரம்பித்தது. அப்புறம் நான் சும்மா இருந்தால் நீ முதுகில் தட்டுவாய். "இன்னா மச்சான், ரோட்ட உட்டுட்டியா?" என்பாய்.

இன்று சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டரில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பச்சை விழுந்ததும் கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"பள்ளம் வருது, புடிச்சிக்க," என்றேன்.

பின் சீட்டில் யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் வண்டியை மெதுவாகத்தான் இறக்கினேன்.