தயாவின் இடது முட்டி

1993 மே 4, செவ்வாய்

கத்திரி ஆரம்பம். காக்கைகள்கூட நிழல் பார்த்து நடந்து போகின்றன. காலையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றேன். லாரி வரவில்லை, நாகு வந்தான். ஆட்டோ ஓட்டுபவன், மந்தைவெளி மின்னல் கால்பந்துக் கழகத்துக்காக உயிரையும் சவாரியையும் விடுபவன். வண்டியை அணைக்காமலே சேதி சொன்னான்.

"மாமா, நம்ம தயா மாம்பலம் ஸ்டேஷனாண்ட நின்னுக்கினு கீறான். புதுச் சட்டை. கைல மஞ்சப் பை."

"பை இருந்தா என்னடா?"

"இன்னா மாமா நீ, வெவரம் புரியாம பேசுற. பைல பேரு பாத்தேன். அந்தத் துணிக்கட பை!"

குடம் கை நழுவியது. காலிக்குடம். சத்தம் அடையாறு வரை கேட்டிருக்கும்.

எதிர்காலச் சரித்திர ஆசிரியர்களின் வசதிக்காகக் குறித்து வைக்கிறேன். தயா என்கிற தயாளன்: ஊரூர் குப்பம், வயது இருபது, ம.மி.யின் இடது விங். அவன் பந்தோடு பறந்தால், பின்னால் துரத்துகிறவன் காற்று பட்டு ஜலதோஷத்தோடு வீடு திரும்புவான். அந்தத் துணிக்கடை: ரங்கநாதன் தெருவில் இருப்பது, நம் ஜென்ம விரோதி மாம்பலம் முரசு கழகத்தின் முதலாளிக்குச் சொந்தம். அவர் ஆட்டக்காரர்களுக்கு வேலை தருகிறார். பகலில் புடவை மடிக்க வேண்டும், சாயங்காலம் பந்து ஆட வேண்டும். யார் எந்தக் கழகம் என்று இந்த மாதக் கடைசிக்குள் கால்பந்துச் சங்க ஆபீசில் கையெழுத்து. போட்டுவிட்டால் ஒரு வருஷத்துக்கு ஆண்டவனாலும் அசைக்க முடியாது.

ஆக, பை.

மே 5, புதன்

மைதானத்து டீக்கடையில் அவசர மாநாடு. டீ சுமார். பேச்சு பிரமாதம்.

குடை ரிப்பேர் ஜமால் பாய்: "போக மாட்டான். வரதன் சார் ஆபீஸ் வேலைக்குச் சொல்றேன்னு வாக்கு குடுத்திருக்கார்." (வரதன் சார் நம் கழகச் செயலாளர்.)

நாகு: "போன வருசமும் இதத்தான் சொன்னாரு பாய். பையன் அப்பா இன்னா சொல்லிக்கீறாரு தெரியுமா? இந்த வருசம் வேல இல்லன்னா பந்தும் இல்ல கிந்தும் இல்ல, போட்டுல ஏறி வலைய இழுன்னுட்டாரு."

பாய்: "அதுக்காக மாம்பலத்துக்கா? அரே, நம்ம பிள்ளைடா அவன்."

நாகு: "நம்ம புள்ளைக்கு எதுக்கு அவுங்க பை?"

நான் கண்ணை மூடி யோசித்தேன். என் சந்தேகங்கள், தகுதி வரிசையில்: தயா. அடுத்து நாகு, மந்தைவெளி ஆட்டோவுக்கு மாம்பலத்தில் என்ன வேலை? அப்புறம் பாய், இத்தனை நிச்சயமாகப் பேசுகிறவரை நான் நம்புவதில்லை. வரதன் சார் வேஷ்டியில் புதுக்கரை. எந்தக் கடை? விசாரிக்க வேண்டும்.

மே 7, வெள்ளி

வெயில் அதே. பேனா மை கொதிக்கிறது.

எலுமிச்சம்பழம் எடுக்கச் சமையலறை போனேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மஞ்சள் பை. அதே கடை!

சகதர்மிணி கமலாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். அசரவில்லை.

"ஏன்னா, மெட்ராஸ்ல பாதிப் பேர் ஆத்துல இந்தப் பை தொங்கறது. நீங்க கட்டிண்டிருக்கற வேஷ்டியே அங்க வாங்கினதுதான்."

குனிந்து பார்த்தேன். இத்தனை காலமும் எதிரியை இடுப்பில் கட்டிக்கொண்டு மின்னலுக்குக் கோஷம் போட்டிருக்கிறேன்.

சாட்சியம் பலவீனம். சந்தேகம் பலமாகவே இருக்கிறது.

மே 10, திங்கள்

எதிரி நாட்டுக்கு ஒற்றனாகப் பயணம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் காலைத் தூக்கினேன்; திரும்ப வைக்கத் தரை கிடைக்கவில்லை. மிதந்தே கடைக்குள் போனேன்.

புடவை கவுண்டரில் பழனி. மாம்பலம் முரசின் கோல்கீப்பர். உள்ளங்கை ஒவ்வொன்றும் தோசைக்கல். என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"வாங்க சார், மந்தைவெளி சார்தானே? உங்க தயா எப்படி இருக்கான்? மொதலாளிக்கு அவன்மேல ஒரு கண்ணு சார். கூப்பிட்டு அனுப்பலாம்னு இருக்காரு."

ஆக, இன்னும் கூப்பிடவில்லை! பை குற்றமற்றது! அந்த நிமிஷம் என் நாக்கு என்னைக் கேட்காமல் புறப்பட்டது.

"பாவம்ப்பா அந்தப் பிள்ளை. இடது முட்டி போயிடுத்து. வெளில தெரியாது. மடக்கினா ரவை வறுக்கற சத்தம். டாக்டரே கண்ணைத் துடைச்சிண்டார்."

பழனியின் கையில் புடவை பாதி மடிப்பில் நின்றது. "ஐயையோ. என்னா ஆட்டம் சார் அவன் ஆட்டம்."

பொய் என்று எழுத மாட்டேன். முன்னெச்சரிக்கை. மாற்றானின் ஆசையை ஒரு முட்டியில் முறித்தேன். எந்த ராஜதந்திரியும் என் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

சந்தேகம் வராமலிருக்க ஒரு ரவிக்கைத் துணி வாங்கினேன். மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தான். சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்தேன். வழியில் நாகு. "இன்னா மாமா, தொப்ப போட்டுச்சா?"

மே 13, வியாழன்

தண்ணீர் லாரி வந்தது. என் முன்னெச்சரிக்கையும் வீடு திரும்பியது, நன்றாக வளர்ந்து.

ஜமால் பாய் குடைக்கம்பியை நிமிர்த்தியபடி: "மாமா, சேதி கேட்டீங்களா? தயாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சாம். வெளியூர்ல ஆபரேஷனாம். உள்ள ஸ்டீல் வெச்சிருக்காங்களாம்."

"யார் சொன்னா பாய்?"

"எல்லாரும்தான். நாகு ஸ்டாண்டுல கேட்டிருக்கான்."

ஆச்சரியப்பட்டுக் காட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் வயிற்றெரிச்சல். நான் கொடுத்தது ஒரு முட்டி. இரண்டாவது எவன் போட்டது? ஸ்டீல் எவன் கற்பனை? என் ரவையை மட்டும் எல்லாரும் விட்டுவிட்டார்கள். ரசனை கெட்ட ஊர்.

மே 14, வெள்ளி

பெசன்ட் நகர் கடற்கரை. குப்பத்துப் பிள்ளைகள் மணலில் ஆட்டம். ஒரு படகின் பின்னால் மறைந்து நின்று பார்த்தேன். படகில் புதுசாகத் தார், சட்டை காலி. கமலாவுக்கு இன்னும் தெரியாது.

தயா வழக்கம்போல் மூன்று பேரை மணலில் உட்கார வைத்துவிட்டுப் போனான். ஆனால் இடது காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறானோ? திரும்பும்போது கொஞ்சம் தயக்கம்?

சீ. ரவை என் கற்பனை. எனக்கே சந்தேகம் வந்தால் எப்படி?

ஆனாலும் தயக்கம்தான்.

மே 18, செவ்வாய்

மோசம். எழுதவே கை வரவில்லை.

டீக்கடைக்கு வரதன் சார் வந்தார். அந்த ஆபீஸ் வேலைக்கு வேறு பையன் பெயரைச் சொல்லிவிட்டாராம்.

"முட்டி போன பையனை எப்படி சார் சிபாரிசு பண்றது? நாளைக்கு என் பேர்னா கெட்டுப்போகும்."

"யார் சார் சொன்னது முட்டி போச்சுன்னு?" குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஊரே சொல்றது. உங்களுக்குத் தெரியாதா?"

தயாவே வந்து நின்றான். பேண்ட்டைச் சுருட்டி இரண்டு முட்டியையும் காட்டினான். "பாருங்க சார், இன்னா கீது இதுல? தையல் கீதா? ஸ்டீல் கீதா?" அங்கேயே குதித்தான். உட்கார்ந்து எழுந்தான். டீக்கடை பெஞ்சைத் தாண்டினான். அவன் குதிக்கக் குதிக்கப் பார்த்தவர்கள் முகம் வாடுகிறது. "பாவம், வலிய மறைக்கிறான்" என்றார் யாரோ. நாகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். வரதன் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

தயா குதிப்பதை நிறுத்தினான். "அடுத்த மாசத்துலேர்ந்து போட்டுல ஏறச் சொல்லிட்டாரு அப்பா" என்றான், யாரையும் பார்க்காமல். பூட்ஸ்களைக் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வத்தக்குழம்பு. இறங்கவில்லை.

மே 20, வியாழன்

மறுபடி ரங்கநாதன் தெரு. இந்த முறை மிதக்கவில்லை, முட்டி மோதிக்கொண்டு போனேன். பழனியிடம் சொன்னேன்: தயாவுக்கு முட்டியில் ஒன்றுமில்லை, தங்கமான முட்டி, பெற்றவள் கொடுத்தபடியே இருக்கிறது.

"உங்க நல்ல மனசு சார். பையன் பொழைக்கணும்னு பொய் சொல்றீங்க."

"நிஜம்ப்பா!"

"அன்னிக்கு நீங்க சொல்லும்போதே எனக்குத் தொண்ட அடச்சிடுச்சு சார். டாக்டரே அழுதாருன்னீங்களே."

ஆயுள் முழுக்கப் பொய்யாக அளந்திருக்கிறேன், ஒருவரும் மறுத்ததில்லை. இன்று ஒரு நிஜம் சொன்னேன், விலை போகவில்லை.

கடைசியில் கெஞ்சினேன். "ஞாயித்துக்கிழமை கார்த்தால பீச்சுக்கு வா. நீயே கோல்ல நில்லு. நீயே பாரு."

நான், மின்னலின் பீஷ்மர், எதிரியின் கோல்கீப்பரை வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைக்கிறேன். இந்தப் பக்கத்தை நாகு பார்த்தால் ஆட்டோவை என்மேல் ஏற்றுவான்.

மே 23, ஞாயிறு

பழனி வந்தான். இரண்டு கட்டுமரங்களுக்கு நடுவே நின்று கையை விரித்தான். வங்காள விரிகுடாவே மறைந்தது.

தயா அடித்தான். இடது காலால்தான். முதல் பந்து பழனியின் காதைத் தாண்டிப் போனது. இரண்டாவதைப் பழனி பார்த்தான், தொடவில்லை. மூன்றாவதற்குத் தாவி வாய் நிறைய மணல். பந்து கடலுக்குள் போயிற்று; இலங்கையில் கரை ஒதுங்கியிருக்கும்.

துப்பிவிட்டு எழுந்து வந்தான் பழனி. தயாவைப் படகு விளிம்பில் உட்கார வைத்து, இடது முட்டியில் காதை வைத்து, காலை மடக்கி நீட்டினான்.

"இன்னாண்ணா கேக்குற? ரேடியோவா?" என்றான் தயா.

"சத்தமே இல்லியே சார்" என்றான் பழனி என்னிடம்.

எனக்கு அலைகளைப் பார்க்க வேண்டிய அவசர வேலை வந்துவிட்டது.

பழனி நேராகச் சொன்னான். கடையில் வேலை, மாம்பலம் முரசில் இடது விங், முதலாளியிடம் அவனே பேசுகிறான். தயா என்னைப் பார்த்தான்.

"மாமா, நான் போவட்டுமா? நீ சொல்லு."

பதினோரு பேரில் ஒருவன். அவன் இல்லாமல் மின்னல் வெறும் மேகம். 'போகாதே' என்று நாக்கு நுனி வரை வந்தது.

"போடா" என்றேன்.

மே 26, புதன்

கையெழுத்துப் போட்டுவிட்டான். மந்தைவெளி துக்கத்தில். டீக்கடையில் சர்க்கரை குறைவு, அல்லது எனக்கு அப்படி.

நாகு கொதிக்கிறான். "முட்டி நல்லாத்தான் கீதாம்! மொதல்ல பொரளியக் கெளப்பி நம்மளக் கழட்டி வுட வெச்சிட்டு, அப்புறம் அவனுங்களே தூக்கிட்டானுங்க. இன்னா பிளானு! நம்மாள் எவனோ கூட்டு."

பாய்: "கண்டுபிடிக்கணும். விசாரணைக் குழு போடணும்."

போட்டார்கள். ஏகமனதாகத் தலைவர் பதவி எனக்கு. காரணம் நாகு சொன்னது: "மாமாதான் சரி. பெத்த தாயே எதுர்ல வந்தாலும் சந்தேகப்படுவாரு."

பதவியை மறுக்கவில்லை. மறுத்தால் சந்தேகம் வரும்.

மே 28, வெள்ளி

கமலாவின் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை. எந்தக் கடை என்று கேட்கவே வேண்டாம். கவுண்டரில் தயா. முழுக்கை சட்டை, படிய வாரிய தலை. அவனுக்கு ஒரு கஜம் தள்ளிப் பழனி. பழனியின் வாயில் ஒரு சொல் தங்காது என்பது ஊரறிந்த விஷயம். இரண்டு பேரும் நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"மாமிக்கு இன்னா கலரு மாமா?" என்றான் தயா. சிரித்தான். புடவையை மஞ்சள் பையில் போட்டு என் கையிலேயே கொடுத்தான்.

தெரிந்திருக்குமோ? அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நல்ல பையன்னா" என்றாள் கமலா.

மே 30, ஞாயிறு

வெயில் கொஞ்சம் தணிவு. ஜமால் பாய் கடையில் விசாரணைக் குழு கூடியது. கிழிந்த குடைகளுக்கு நடுவே ஸ்டூல்மேல் நான். சாட்சிகள் யாரும் கிடையாது, சீக்கிரம் முடித்துவிடலாம் என்றிருந்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. நாகு தயாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டான்.

"இவனாண்டயே கேளு மாமா. அந்தக் கடையிலதான கீறான், காதுல வுழுந்திருக்கும். டேய், மாமா மூஞ்சப் பாத்து சொல்லு. உன் முட்டியப் பத்திக் கெளப்பினது எவன்?"

தயா என் மூஞ்சியைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். மேலே தொங்கிய குடை ஒன்றை விரித்துக்கொண்டு உள்ளே ஒளிய முடியுமா என்று யோசித்தேன்.

குனிந்து இடது முட்டியைத் தடவினான்.

"எவனும் கெளப்பலண்ணா. நெஜமாவே வலிச்சுது. வேல பூடுமேன்னு நான்தான் வெளிய சொல்லாம இருந்தேன். இப்ப சரியாப்பூச்சு."

நாகுவின் வாய் திறந்தபடி நின்றது. பாய் "அல்லா" என்றார். குழு கலைந்தது. தீர்ப்பு: குற்றவாளி இல்லை.

தயா கிளம்பினான். "வரேன் மாமா." வாசல் வரை போய் அவன் தெருவில் இறங்குவதைப் பார்த்தேன். வலது காலை முதலில் வைத்தான். பிறகு இடது. கொஞ்சம் மெதுவாக.

எனக்காகச் சொன்னானா? நிஜமாகவே வலித்ததா? முனை திரும்பும் வரை பார்த்தேன். நொண்டுகிற மாதிரியும் இருக்கிறது.