அண்ணி மூடாத குழாய்

மார்கழி 9, புதன்

திருப்பதியில் குடியிருந்தால், மலையேறப் போகிற சொந்தக்காரர் எல்லாருக்கும் நம் வீட்டில்தான் குளியல். இன்று பிச்சாட்டூரிலிருந்து இவருடைய அக்கா, எனக்கு அண்ணி, குடும்பத்தோடு வந்தார். கை ஷவரில் முதலில் குளித்த அவருக்கு நல்ல வெந்நீர். பிறகு பக்கெட்டில் பிடித்தவர்களுக்கு வெதுவெதுப்புகூட இல்லை.

"கரண்ட மிச்சம் புடிக்க சுச்ச நிறுத்திக்கினு கீறா" என்று கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார் அண்ணி.

இவரோ, "புது கீசர் வாங்கிடலாம்" என்கிறார். எனக்காக ஒரு வார்த்தை இல்லை.

நானே உள்ளே போய்ப் பார்த்தேன். அடுத்தவருக்குச் சூடு மாறக்கூடாதென்று, அண்ணி ஷவர் நுனிப் பித்தானை மட்டும் அழுத்தி நிறுத்தியிருக்கிறார். சுவரிலிருக்கும் ஷவரின் வெந்நீர், பச்சைத் தண்ணீர்க் குழாய்கள் இரண்டும் திறந்தே கிடந்தன. அவற்றின் வழியே பச்சைத் தண்ணீர் வெந்நீரில் கலந்துகொண்டிருந்தது. இரண்டையும் மூடினேன். பக்கெட்டுக்கான வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் பக்கெட்டில் ஆவி பறந்தது.

அண்ணியைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னேன்.

"பாத்தியா, நான் சொன்னப்புறம்தான் சுச்ச போட்ட!"

நாளை மலையிலிருந்து இறங்கி, கால் வலிக்கு வெந்நீர் கேட்பார். சுவர்க் குழாய் இரண்டையும் என் கண்ணெதிரே மூடட்டும். பக்கெட் அப்புறம்தான்.