வேஷம் கலையாத பிள்ளைகளும் உன் வலது கையும்

மாப்ளே,

இன்று காலையில் பால் வாங்கப் போனேன். லாரி ஷெட்டு வாசலில் பழைய டயர் ஒன்றைக் கொளுத்திப் போட்டு நாலைந்து பேர் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். காற்று திரும்பிப் புகை என் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், கையிலிருந்த தூக்குவாளி நழுவி, பால் ரோட்டில் ஓடியது. "என்ன பாய், தலை சுத்துதா?" என்று ஒருவன் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். ரப்பர் எரிகிற வாடை எனக்கு ரத்த வாடையாகத்தான் ஏறும் என்பதை அவனிடம் எப்படிச் சொல்ல? உன்னிடம் சொல்லலாம். அந்த ரத்தம் உன்னுடையது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் என் அச்சகத்துக்கு நீ முதலில் வந்தது நினைவிருக்கிறது. மில்லில் ஷிப்டு முடிந்து நேரே வந்திருந்தாய். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு. "பிள்ளைகளுக்குப் பாட்டுப் புத்தகம் போடணும்" என்றாய். நான் நிலா, மான், மயில் என்று ஏதோ எதிர்பார்த்துக்கொண்டு ஒன்றைப் பாடிக் காட்டச் சொன்னேன். நின்றபடியே பாடினாய்:

இடி இடிக்குது, எதுக்கு இடிக்குது?
வானம் பல்லைக் கடிக்குது!
கடிச்ச பல்லு கழண்டு விழுந்தா
காட்டுல காளான் முளைக்குது!

அச்சுக் கோத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அன்றைக்கே நாம் மாப்ளே மாப்ளே என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு நீ எழுதாதது எது? பாட்டு, விடுகதை, நாடகம், நட்சத்திரங்களைப் பற்றி ஒரு புத்தகம், செண்பகத்தோப்புக்குப் போய் நாள் முழுக்க மரத்தடியில் படுத்துக் கிடந்து சாம்பல் அணிலைப் பற்றி ஒரு புத்தகம். பெரியவர்களுக்கென்று எழுதிய கவிதைகளை மட்டும் யாருக்கும் காட்டமாட்டாய். "அதெல்லாம் பொலம்பல். பிள்ளைகளுக்கு எழுதுறதுதான் வேலை" என்பாய். சனிக்கிழமை ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்து உன் வீட்டு மாடியில் பிள்ளைகள் கூடிவிடும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரும். எந்தத் தெரு என்று நீ கேட்டதில்லை. ஊர் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தது.

உன் கதைகளில் அடி உண்டு, வெட்டு உண்டு. அரக்கனின் கையை ஒரு சிறுமி கடித்துத் துப்புவாள். "பிள்ளைகள் கதையில் இவ்வளவு ரத்தம் ஆகாது" என்று ஒரு தலைமையாசிரியர் புத்தகக் கட்டைத் திருப்பி அனுப்பினார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தேவதானத்தில் உங்கள் பழைய தோட்டத்துப் பம்புசெட்டில் ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோது உன்னிடம் கேட்டேன். நீ முதுகைத் திருப்பிக் காட்டினாய். வரிவரியாகத் தழும்பு.

"எங்கய்யா மாட்டுக்குன்னு வச்சிருந்த சாட்டை. மாட்ட ஒரு நாளும் அடிச்சதில்ல" என்றாய்.

நீ துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாய்: "அடி வாங்குற பிள்ளைகிட்டப் போயி, ஒலகத்துல அடியே கெடையாதுன்னு கதை சொன்னா அது நம்மள நம்பாது மாப்ளே. அடி இருக்குன்னு ஒத்துக்கணும். பொறவுதான் மத்ததெல்லாம் சொல்லணும்."

அந்தச் சாட்டை உன் முதுகோடு நின்றுவிடவில்லை. உன் கையிலும் இருந்தது. மில்லில் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த மேஸ்திரியை நீ தரையில் உருட்டி மிதித்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாய். அன்று ராத்திரி என்னிடம் வந்து, "எங்கய்யா எனக்குள்ளதான் இருக்காரு" என்று அழுதாய். உன் பாட்டைப் பாடித் திரிந்த பிள்ளைகளுக்கு அந்த அழுகை தெரியாது.

தொண்ணூறுகளில் நம் பக்கம் சாதிச் சண்டையில் தீப்பிடித்தது. தெருவுக்குத் தெரு ஆகாது, ஊருக்கு ஊர் ஆகாது. பஸ் கண்ணாடிகள் நொறுங்கின. வைக்கோல் படப்புகள் எரிந்தன. நேற்று டீ குடித்தவர்கள் இன்று அரிவாளோடு நின்றார்கள். சில வாரம் அடங்கும், மறுபடி வெடிக்கும். அப்படி அடங்கியிருந்த ஒரு சமயத்தில்தான் ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு உன் நாடகத்தைக் கேட்டார்கள். காட்டு விலங்குகள் கூடி ஒரு நரிக்குத் தீர்ப்புச் சொல்கிற நாடகம். உன் மனைவி, மதினி, வேண்டாம் என்றார்கள். "நாம அடங்கிக் கெடந்தா அவனுக ஜெயிச்ச மாதிரி ஆயிரும்" என்றாய். பெற்றவர்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டு, இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் ஒரு வேனில் ஏற்றி அழைத்து வந்தாய்.

நாடகம் நன்றாகத்தான் நடந்தது. கைதட்டு ஓயுமுன் செய்தி வந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒருவரை வெட்டிவிட்டார்களாம், கடைகளை அடைக்கிறார்களாம். வேஷத்தைக் கலைக்கக்கூட நேரமில்லை. கரடியும் புலியும் குரங்கும் முகத்துச் சாயத்தோடு அப்படியே வேனில் ஏறின. நானும் உன்னோடு ஏறிக்கொண்டேன். வெயில் இன்னும் தாழவில்லை.

பாதி வழியில் ரோட்டின் குறுக்கே டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. புகைக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். முதல் கல் முன்கண்ணாடியை உடைத்தது. டிரைவரின் நெற்றி கிழிந்தது. கதவை இழுத்துத் திறந்து ஒருவன் உள்ளே தலையை நீட்டினான். முருகேசன் என்ற அவன் பெயரெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். இடது கையில் அரிவாள். இருபது இருபத்தைந்து வயது இருக்கும். அவன் தரப்பில் ஒருவரைத்தான் அன்று வெட்டியிருந்தார்கள்.

"அந்தத் தெருப் பிள்ளைகள மட்டும் எறக்கி விடு. மத்ததுகளக் கூட்டிட்டுப் போ" என்றான்.

"எல்லாம் எம் பிள்ளைக. நீ தள்ளு" என்றாய்.

பின்னால் நின்ற ஒருவர் என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "பாய், ஒங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எறங்கி ஓரமாப் போங்க" என்றார். நான் பிள்ளைகளைச் சீட்டுக்குக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தேன். என் கைக்கு எட்டாமல் கதவோரம் ஒட்டிக்கொண்டிருந்தது கரடி வேஷம் போட்ட சிறுமி. சாயத்துக்குப் பின்னால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. முருகேசன் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினான்.

"ஏலே, எந்தத் தெரு நீ?"

"காடு" என்றாள்.

"ஒம் பேரு என்னன்னு கேக்கேன்."

"கரடி."

அவள் சாமர்த்தியமாகப் பேசவில்லை மாப்ளே. பயத்தில் அவளுக்கு நாடக வசனம் தவிர வேறெதுவும் வாயில் மிச்சமில்லை. கேலி செய்கிறாள் என்று நினைத்து அவன் அறைந்தான். அவள் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. கறுப்புச் சாயத்தின் மேல் மூக்கிலிருந்து சிவப்பு இறங்கியது.

நீ அவன் முகத்தில் குத்தினாய். மூக்கெலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் பின்னால் சரிந்து எழுந்தான். அதற்குள் இன்னொருவன் வீசிய சைக்கிள் செயின் உன் தலையில் சுற்றி விழுந்தது. நீ கதவின் குறுக்கே நின்று வலது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாய். உன்னை விலக்காமல் யாரும் உள்ளே வர முடியாது. முருகேசன் அரிவாளை வீசினான். விரல்கள் படிக்கட்டில் விழுந்தன. வலியில் நீ அலறவில்லை. இடது கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "வண்டிய எடுங்க! தீ மேல ஏத்துங்க!" என்றுதான் கத்தினாய். கண்ணில் ரத்தம் வழிய டிரைவர் எரிகிற டயர்கள் மேலேயே வேனை ஏற்றினார். வேனுக்குள் புகை. பிள்ளைகள் அலறின. உன் இடுப்பை நான் கட்டிப் பிடித்திருந்தேன். என் சட்டை முழுக்க நீ.

பிள்ளைகள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்தன. ஆஸ்பத்திரியில் உனக்குக் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. கண் விழித்ததும் "கரடி எப்படி இருக்கா?" என்றுதான் கேட்டாய். மூக்கில் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றேன். மதினி உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "பாட்டெழுதுன கைய நாய்க்குப் போட்டுட்டு வந்திருக்காவ" என்று சுவரைப் பார்த்து அழுதார்கள்.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்தது. சாட்சி சொல்லவிடாமல் செய்ய எத்தனை பேர் வந்தார்கள்! மிரட்ட வந்தவர்களை நீ விரட்டினாய். முருகேசனின் அம்மா வந்து உன் காலைப் பிடித்தபோதுதான் கலங்கினாய். "பிள்ளைகளுக்கு அன்பச் சொல்லுதவுக, எம் பிள்ளைய ஜெயிலுக்கு அனுப்பலாமா?" என்று அந்த அம்மா கேட்டார்கள். நீ குனிந்து அவர்களைத் தூக்கி நிறுத்தினாய். பிறகு சொன்னாய்: "எங் கைக்கு மட்டும்னா விட்ருப்பேன் தாயி. பிள்ளையோட மூக்கு ஒடஞ்சிருக்கு. அத விட்டுக் குடுக்க எனக்கு உரிமை கெடையாது."

சர்க்கார் வக்கீல் நம்மிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். முதலில் கை வைத்தது யார், நீயா அவர்களா என்று எதிர்த்தரப்பில் கேட்பார்கள், நினைவில்லை என்று சொல்லிவிடு, தலையில் அடிபட்டவன், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்றார். நீ சரியென்று தலையை ஆட்டினாய். அப்படியே சொல்வாய் என்று நானும் நம்பினேன்.

கூண்டில் ஏறினாய். கட்டுப்போட்ட கை நெஞ்சோடு தொங்கியது. முருகேசனைக் காட்டி "இவர்தான் வெட்டுனது" என்றாய். எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்வி வந்தது.

"அவன் உங்கள அடிக்கிறதுக்கு முன்னால நீங்க அவன அடிச்சீங்களா இல்லையா?"

"அடிச்சேன். மூக்குல குத்தினேன்."

கோர்ட்டில் சலசலப்பு. சர்க்கார் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப, சண்டைய ஆரம்பிச்சது நீங்க?"

"அந்தப் பிள்ளைய அவர் அடிச்சதுல ஆரம்பிச்சது. எங்க ரெண்டு பேருக்குள்ள மொதல்ல கை ஓங்குனது நான்தான். இன்னொரு அடி அது மேல விழுந்திருந்தா இன்னொரு குத்தும் விட்டிருப்பேன்."

உனக்கு அடுத்த சாட்சி கரடிச் சிறுமி. காலையிலிருந்து வராந்தாவில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள். உன்னைத் தாண்டிக் கூண்டுக்குப் போகும்போது உன்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். குரல் உடையவில்லை.

நீ பேசிய அந்தப் பேச்சால் முருகேசனுக்குத் தண்டனை குறைந்தது. வெளியே வந்ததும் நடுரோட்டில் உன் சட்டையைப் பிடித்தேன். "ஒரு வார்த்தைய முழுங்கியிருந்தா என்னலே? வெரலு போனது பத்தாதா ஒனக்கு?"

நீ என் கையை விலக்கவில்லை. "அந்தப் பிள்ளை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா மாப்ளே. அவ கண்ணால பாத்தத நான் இல்லைன்னு சொன்னா, பொறவு அவ உள்ள வந்து என்னத்தச் சொல்லுவா?" என்றாய்.

வீட்டுக்குப் போய் இடது கையால் எழுதப் பழகினாய். எழுத்துகள் காற்றில் சாய்ந்த சோளம் மாதிரி இருக்கும். அடுத்த புத்தகத்தை அந்தக் கைதான் எழுதியது.

வலது கைக்கு லீவு விட்டாச்சு,
இடது கை போகுது பள்ளிக்கு;
ஆனா எழுதச் சொன்னா கோணலா
ஆமை ஒண்ணு வரைஞ்சு வச்சிருக்கு!

பிள்ளைகள் அதைப் படித்துச் சிரித்தன. நீயும் சிரித்தாய். செயின் அடி விழுந்த தலை மட்டும் சிரிக்கவிடவில்லை. வலிப்பு வரத் தொடங்கியது. முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. தொண்ணூறுகள் முடிவதற்குள், ஒரு சனிக்கிழமை காலையில், மாடிப்படி ஏறும்போது விழுந்தாய். மேலே பிள்ளைகள் காத்திருந்தன. உன்னைக் கொன்றது வலிப்பு என்று டாக்டர் சொன்னார். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

நீ போன பிறகு நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். முருகேசன் என் அச்சகத்துக்கு வந்தான். ஜெயிலிலிருந்து வந்து சில காலம் ஆகியிருந்தது. மூக்கு ஒருபக்கம் கோணியிருந்தது. நான் மேசைமேல் கிடந்த இரும்புச் சுத்தியலை எடுத்துவிட்டேன். எடுத்தது எனக்கே தெரியவில்லை. அவன் அதைப் பார்த்தான். ஓடவில்லை.

"பாய், அவிய எழுதுன புத்தகம் இருக்கா? எம் மக பள்ளிக்கூடத்துல பாடுதா. புத்தகம் வேணும்னு அழுதா" என்றான்.

"யார் எழுதுனதுன்னு அவளுக்குத் தெரியுமா? அவுகள நீ என்ன செஞ்சன்னு தெரியுமா?"

"இன்னும் சொல்லல." கோணிய மூக்கைத் தடவிக்கொண்டான். "அன்னைக்குக் கோர்ட்டுல எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் பொய்தான் சொன்னோம். அவிய மட்டுந்தான் தன்னைக் காட்டிக் குடுத்துக்கிட்டாவ. அத நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்ததா என்று நீ கேட்பாய். வரவில்லை. வந்ததாக எழுதினால் இந்த மடல் நன்றாக இருக்கும். ஆனால் உன்னிடம் பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சுத்தியலைக் கீழே வைக்க வெகுநேரம் பிடித்தது. வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். சும்மா கொடுக்க மனம் வரவில்லை. முழு விலையையும் வாங்கிக்கொண்டேன்.

படி இறங்கப் போனவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "நான் ஒன்ன மன்னிக்கல. அதத் தெரிஞ்சுக்கிட்டுப் போ."

"தெரியும் பாய்" என்றான். "எம் மககிட்ட எல்லாத்தையும் சொல்லிப்புட்டுத்தான் இதக் குடுப்பேன்."

சொன்னானா என்று எனக்குத் தெரியாது. நான் அவனிடம் சொன்னது நிஜம். இன்றைக்கும் அது நிஜம்தான். உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான் மாப்ளே. மனசுக்குள் கிடக்கிற அடியை இல்லையென்று சொல்லாமல், கையை மட்டும் கீழே இறக்கி வைப்பது.