தப்பான வேகத்தில் ஓடிய இசைத்தட்டு

சேஷாத்ரி,

ஆறு வருடமாகப் பேச்சில்லை. 'அன்புள்ள' போட மனம் வரவில்லை.

ஞாயிறன்று லேக் மார்க்கெட் மாடியில் நீ நடத்திய ஜெர்மன் ராக் ரசிகர் கூட்டத்துக்கு வந்திருந்தேன். ரசிகர்களாம்! இசைத்தட்டு தப்பான வேகத்தில் ஓடுகிறது. பன்னிரண்டு மண்டைகளும் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகின்றன. பக்கத்திலிருந்த வங்காளி "கீ தாருண், தாதா!", என்ன அற்புதம் அண்ணா என்று சொக்கிப்போனான். முட்டாள்கள்.

ஆனால் நீ? கல்லூரி நாட்களில் தாளம் மயிரிழை பிசகினாலும் ஊசியைத் தூக்கிவிடுவாயே. நீயும் தலையாட்டிக்கொண்டிருந்தாய். உன் இடப்பக்கம் நின்று இரண்டு முறை கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை.

கர்வம் பிடித்தவன் என்று திட்டிக்கொண்டே டாகுரியாவில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, உனக்குக் கேட்டிருக்கவே இல்லை என்று.

வெள்ளி காலை பத்து மணிக்குக் காது டாக்டரிடம் உன் பெயரைப் பதிந்திருக்கிறேன். உன் வீட்டு வாசலில் டாக்சியோடு நிற்பேன். என்னோடு பேச வேண்டியதில்லை, ஏறிக்கொள்.

உன் பழைய விரோதி