பட்டியை அழித்தது உன் செருப்பில்லை

அக்கா,

மகள் தருமபுரியில் ஏதோ கண்காட்சிக்குப் போனவள் ஒரு நாற்காலி வாங்கி வந்திருக்கிறாள். பார்க்கப் பிரம்பு நாற்காலி போலத்தான் இருக்கிறது. முதுகு சாய வசதியாக இருக்கும், உட்காருங்கப்பா என்றாள். கை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னதான் சீவி வார்னிஷ் பூசினாலும் அந்தத் தண்டின் கணு மறையுமா? உண்ணிச்செடி.

"காட்டையே அழிக்கிற செடியாம்ப்பா. அதை வெட்டிக் கொண்டாந்து இப்படிப் பண்றாங்களாம். நல்ல காரியந்தானே?" என்றாள்.

நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயிறு எரிந்தது. இன்றைக்கு அதை அட்டையில் எழுதி நாற்காலியில் கட்டி விற்கிறார்கள். அன்றைக்கு அதையே நீ வாய்விட்டுச் சொன்னபோது உன்னை என்ன பேச்சுப் பேசினார்கள்?

அதனால்தான் இந்த மடல். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். உனக்கும் படிக்கத் தெரியாது, இப்போது நீயும் இல்லை. இருந்தாலும் சொல்லாமல் நெஞ்சு ஆறாது.

ஒகேனக்கல் போகிற பஸ் காட்டுக்குள் இறங்குகிற வளைவுக்கு மேலே நம் பட்டி இருந்தது. ஊரில் விதைத்துவிட்டால் மாடு நிற்க இடம் கிடையாது. ஊர் மாடுகளையெல்லாம் மலைக்கு ஓட்டி, ஒரே முள்வேலிக்குள் அடைத்து, அறுவடை வரைக்கும் நாங்கள் ஆண்கள் அங்கேயே கிடந்து மேய்ப்போம். பட்டி என்றால் கோயில் மாதிரி. செருப்பை வேலிக்கு வெளியே விட வேண்டும். பெண்கள் உள்ளே வரக் கூடாது. மாமா போன பிறகு உனக்கென்று மிஞ்சியது கொஞ்சம் மாடுகள்தான். அவற்றைப் பட்டியில் என் பொறுப்பில் விட்டிருந்தாய். பட்டியில் இடம் இருந்தால் உனக்குச் சோறு உண்டு, இடம் போனால் மாடும் போச்சு, சோறும் போச்சு. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார்கள்.

அந்த மலையில் அப்போது புல் இடுப்பளவு நிற்கும். மாட்டை விட்டால் முதுகு மட்டும் மிதந்து போவது போலத் தெரியும். உண்ணி அப்போது வண்டித்தடத்து ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் பங்களா வேலிக்கு அழகாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து வைத்தது என்பார்கள். பூ அழகுதான். ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும். நீ ஒருநாள் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, "இந்த நாத்தத்துக்கு இத்தனை மினுக்கா" என்று வீசி எறிந்தாய்.

அதன் கருத்த பழத்தை நாமும் தின்றோம், குருவிகள் நம்மைவிட அதிகம் தின்றன. தின்ற குருவி எங்கே போய் உட்காரும்? வெக்காலி மரத்தில், நெல்லி மரத்தில். எச்சம் விழுந்த மரத்தடியெல்லாம் உண்ணி முளைத்தது. நம் காட்டு மரத்தின் காலடியில் முளைத்து, அந்த மரத்தின் மேலேயே சாய்ந்து ஏறி, அதன் கன்று ஒன்றுகூடத் தலைதூக்க விடாமல் மூடிக்கொண்டது. குனிந்து உள்ளே பார்த்தால் மண் மொட்டையாகக் கிடக்கும். ஒரு புல் இருக்காது. வெட்டினால் வெட்டின இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும். முன்பு மாசியில் பழம்புல்லுக்கு நெருப்பு வைப்போம், அதைக் காட்டிலாகாக்காரர்கள் நிறுத்தினார்கள். நெருப்பு வைத்திருந்தால் செடி அடங்கியிருக்குமா, இன்னும் பரவியிருக்குமா என்பதற்கு இன்றைக்கும் இரண்டு பேச்சு இருக்கிறது. எனக்குத் தெரியாது. மேட்டு மூங்கில் முழுக்க ஒன்றாகப் பூத்து, அரிசி உதிர்த்து, காய்ந்து சாய்ந்ததே, அதைத்தான் என் கண்ணால் பார்த்தேன். நீ மடி கொள்ளாமல் மூங்கிலரிசி பொறுக்கிக்கொண்டே, "இனிமே குருத்து வரும்டா தம்பி, மாடுங்களுக்குக் கொண்டாட்டம்" என்றாய். குருத்து வரத்தான் வந்தது. அதற்குள் அதன் தலைக்குமேல் உண்ணி நின்றது. வெயில் படாமல் குருத்து வெளுத்துச் செத்தது.

பிறகு மழையும் பொய்த்த வருஷம் வந்தது. இருந்த புல்லும் போய், மலை முழுக்கப் பச்சையாக நின்றது அது ஒன்றுதான். முன்பெல்லாம் மோந்துவிட்டு ஒதுங்கிப் போகிற மாடுகள் பசியில் அதைக் கடிக்கத் தொடங்கின.

அந்தச் சமயத்தில்தான் நீ எனக்குக் கேழ்வரகு மாவு எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாய். நான் மந்தையோடு ஓடைப் பக்கம் போயிருந்தேன். பட்டிக்குத் தலைவரான பெரியப்பாவின் கருப்புச் சினைமாடு மட்டும் சோளத்தட்டு போட்டுப் பட்டியில் கட்டியிருந்தது. கன்று பாதி வந்து, கால் மடங்கி நின்றுவிட்டது. காவலுக்கு இருந்த அவர் மகன், நமக்கு அண்ணன் முறை, கையைப் பிசைந்துகொண்டு வேலியோரம் நின்றானாம்.

"என்னா பண்றதுன்னே தெரிலியே தங்கச்சி. நீ கொஞ்சம் பாரேன்" என்றானாம்.

நீ பார்த்தாய். காலில் இருந்த டயர் செருப்பைக் கழற்ற நேரமில்லாமல் உள்ளே ஓடி, கையை விட்டுக் காலை நிமிர்த்தி, கன்றை இழுத்துப் போட்டாய். நான் திரும்பி வந்தபோது கன்று மடியை முட்டிக்கொண்டிருந்தது, நீ வெளியே உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தாய். "ஏண்டா, நீங்கல்லாம் மாட்டைப் பாத்துக்க இருக்கீங்களா, மாடு உங்களைப் பாத்துக்க இருக்குதா?" என்று கேட்டாய். அண்ணனும்தான் சிரித்தான்.

சில நாளில் மாடுகளுக்கு நோய் கண்டது. அசை போடவில்லை, சாணி இல்லை, மூத்திரம் கறுத்தது, கண் மஞ்சளாகிவிட்டது. மூக்கு வெந்தது போலச் சிவந்து வெடித்தது. அப்புறம் தோல் உரிந்தது. சும்மா இருந்த அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். நீ செருப்போடு உள்ளே போனதைச் சொன்னான். தான் கூப்பிட்டதைச் சொல்லவில்லை.

பட்டி வேலிக்கு வெளியே உன்னை நிறுத்தி வைத்துப் பேசினார்கள்.

"பொம்பளை காலு, அதுலயும் செருப்புக்காலு. சாமி சும்மா உடுமா?" என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, நான் தொட்டது உங்க மாட்டைத்தானுங்க. தீட்டுன்னா மொதல்ல அதைத்தானே புடிக்கணும்? அது நல்லா நிக்குது பாருங்க."

"அது கருப்பு. கருப்பை எதுவும் அண்டாது."

நீ விடவில்லை. உன் புள்ளிமாட்டைக் காட்டினாய். வெள்ளை விழுந்த இடம் மட்டும் காகிதம் போல உரிந்திருந்தது. அடுத்த விரலளவில் இருந்த கருப்புக்கு ஒன்றும் இல்லை. "கோவம் வந்த சாமி, இங்க வெள்ளை, இங்க கருப்புன்னு பாத்துப் பாத்தா உரிக்கும்?" என்றாய். கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டு, பெரியப்பா திரும்பியதும் இருமினார். நானும் உன் பக்கம் பேசினேன். "அக்கா முந்தானையில வளந்தவன் வேற என்னா பேசுவான்" என்று அடக்கினார்கள்.

மறுநாள் நீ பஸ் ஏறித் தருமபுரி மாட்டாஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வந்து மூச்சிரைக்கச் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "எதை மேஞ்சுதுன்னு டாக்டரு கேட்டாருடா. புல்லு இல்லீங்கன்னேன். உண்ணி இருக்குதான்னாரு. அது மட்டுந்தாங்க இருக்குதுன்னேன். அதுதாம்மா ஈரலைக் கெடுக்குது, அதைத் தின்ன மாட்டுக்கு வெயிலே ஆகாது, வெள்ளைத் தோலுதான் வெந்து உரியும், நெழல்ல கட்டுங்கன்னாரு."

ஆனால் அப்போது பட்டியில் தீட்டுக் கழிப்பு நடந்துகொண்டிருந்தது. நம் பட்டி வழக்கம் என்ன? மஞ்சள் தண்ணீர் தெளித்த மாடு, பொழுது சாயும்வரை சாமிக்கு எதிரே வெட்டவெளியில் நிற்க வேண்டும், நிழல் படக் கூடாது. நாள் தவறாமல் அப்படி நிறுத்தினார்கள். வெந்த தோலோடு, கோடை வெயிலில். வாயில்லாத ஜீவன்கள் மரத்தடிக்கு ஓடப் பார்த்தால் கோலால் அடித்துத் திருப்பினார்கள். நீ வேலியைப் பிடித்துக்கொண்டு, "நெழல்ல கட்டுங்க பெரியப்பா, உங்க கால்ல வேணாலும் உழறேன்" என்றாய்.

"டாக்டரா வந்து பட்டி காக்கறாரு?" என்றார் அவர்.

உன் புள்ளிமாடு உன் குரலைக் கேட்டு வேலியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அதை மட்டும் நீ புளியமரத்தடிக்கு ஓட்டிப்போய், தழை அரைத்துப் பூசி, கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினாய். உள்ளே நின்ற உன் மற்ற மாடுகளும் ஊர் மாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. அப்போதாவது கண் திறந்ததா? "பாத்தீங்களா, அவ மாடு மட்டும் பொழைச்சிருச்சு" என்றார்கள். பிழைக்க வைத்ததையே உனக்கு எதிராகத் திருப்பினார்கள். இதைவிட அநியாயம் நான் கேட்டதில்லை அக்கா. அந்தச் செடியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது பட்டி வேலிக்குப் பக்கத்திலேயே பூத்துக்கொண்டு நின்றது.

எந்தப் பட்டியிலும் உன் மாட்டுக்கு இடமில்லை என்று ஆனது. புள்ளிமாட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, கடத்தூர்ப் பக்கம் கூலிக்குப் போனாய். சாகும்வரை நீ ஊருக்கு வரவில்லை. நான் பார்க்க வரும்போதெல்லாம் மலையைப் பற்றிக் கேட்பாய், மனிதர்களைப் பற்றிக் கேட்க மாட்டாய். "நெல்லிக் கன்னு எங்கயாச்சும் எழும்புதாடா?" என்பாய். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது பட்டி இருந்த இடத்துக்குள் மனிதன் நுழைய முடியாது. வேலி எது, சாமிக் கல் எது என்று தெரியாமல் உண்ணி மூடிவிட்டது. நின்ற பழைய மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வர ஒன்றும் இல்லை.

பட்டி போனாலும் வருஷப் பூசை மட்டும் தடத்தோரம் நடக்கிறது. இந்த வருஷம் நானும் போயிருந்தேன். அண்ணன் இப்போது பெரிய மனிதர். மைக்கைப் பிடித்து இளவட்டங்களுக்குக் கதை சொன்னார். நம்ம பட்டி எப்படி அழிஞ்சுது தெரியுமா, ஒரு பொம்பளை செருப்புக்காலோட உள்ளாற நுழைஞ்சா, என்று ஆரம்பித்தார். வருஷா வருஷம் சொல்கிறாராம்.

நான் எழுந்தேன். "அண்ணா, அன்னைக்கி உங்க வூட்டுக் கன்னை இழுத்தது யாருங்க?"

"பழசெல்லாம் இப்ப எதுக்குடா?"

"பழசை எடுத்தது நீங்கதானுங்களே. கூப்பிட்டது யாருன்னும் சேத்துச் சொல்லுங்க."

அவர் மைக்கைக் கீழே வைத்தார். மைக் எனக்கு வேண்டாம் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உரிந்த வெள்ளை, உரியாத கருப்பு, வெயில், நிழல், எல்லாம். சிலர் கேட்டார்கள், சிலர் பொங்கல் வாங்கப் போனார்கள். ஒரு பையன் மட்டும், "அந்தப் பொம்பளை யாருங்க தாத்தா?" என்றான்.

உன் பேரைச் சொல்லவில்லை அக்கா. இத்தனை காலம் பழியோடு சேர்த்து மென்ற வாய்களில் அதைத் திரும்பப் போட எனக்கு மனமில்லை. தடத்தோரம் கை நீட்டிச் செடியைக் காட்டி, பட்டியை அழித்தது இதுதான் என்று அதன் பேரைச் சொன்னேன்.

அடுத்த வருஷமும் அவர் மைக்கைப் பிடிப்பார். எனக்கு முழங்கால் சரியில்லை, பஸ்ஸில் ஏறி இறங்கவே ஆள் வேண்டும். பரவாயில்லை. அவர் எந்த இடத்தில் "ஒரு பொம்பளை" என்று சொல்வாரோ, அந்த இடத்தில் நான் எழுந்து நிற்பேன்.

உன் தம்பி