கார் ஸ்டாண்டில் ஒரு விசேஷம்

8-7-1991, திங்கள்

ராஜபாளையம் நகராட்சி கார் ஸ்டாண்டுக்கு என்னைக் காவலாளியாகப் போட்டு நாலு மாதம் ஆகிறது. கார் நிறுத்துவதற்குத்தான் இந்த இடம் என்று நினைத்து வந்தேன். தெற்குச் சுவரில் மூத்திரம், வேப்பமரத்தடியில் சீட்டுக் கச்சேரி, மூலைக்கு மூலை பிராந்தி பாட்டில். நடுநடுவே கார்களும் நிற்கின்றன.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். டாக்சி பால்பாண்டி இருக்கிறானே! கதவைத் திறந்து போட்டு சீட்டில் சாய்ந்துகொள்கிறான். ஒரு பெண்பிள்ளை குறுக்கே நடந்தால், அவள் காலடிக்குத் தக்கபடி ஹாரன் அடிக்கிறான். வேகமாகப் போனால் ஹாரனும் வேகம். நின்றால் அதுவும் நிற்கிறது. மற்ற டிரைவர்களுக்கு ஒரே சிரிப்பு.

என் மகள் அழகுத்தாய் டைப்ரைட்டிங் வகுப்புக்கு இந்த வழியாகத்தான் போவாள். போன வாரத்திலிருந்து பஞ்சு மார்க்கெட்டைச் சுற்றிப் போகிறாளாம். என்னிடம் சொல்லவில்லை. அவள் அம்மா சொன்னாள்.

11-7-1991, வியாழன்

வகுப்பு மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். "தினமும் இருபது நிமிஷம் லேட்டு. இந்த மாசம் பூரா இப்படின்னா பரீட்சைக்கு அனுப்பமாட்டேன்."

பேண்டேஜ் கம்பெனி வேலை முடிந்து வருகிறவள் இன்னும் சீக்கிரம் எப்படிக் கிளம்புவாள்? அப்பன் காவல் காக்கிற இடத்தில் மகள் நடக்க முடியவில்லை. இந்தக் காக்கிச் சட்டை எதுக்கு? எம் மூஞ்சிக்குத்தான் எதுக்கு?

15-7-1991, திங்கள்

விசில் வாங்கினேன். பால்பாண்டி ஹாரனில் கை வைத்ததும் பலங்கொண்ட மட்டும் ஊதினேன். டிரைவர்களுக்கு விசில் என்றால் ஒரே அர்த்தம்தான்: பின்னால் வா, இன்னும் வா. புறப்படத் தயாராக நின்ற மெட்டடார் வேன் நம்பிக்கையோடு பின்னால் வந்து தண்ணீர்க் குழாயைச் சாய்த்துவிட்டது. எனக்கு மெமோ.

16-7-1991, செவ்வாய்

மெமோவுக்குப் பதில் கொடுத்தேன். வகுப்பில் வைத்து அழகுத்தாய் டைப் அடித்தது. ஒரு பிழை இல்லை.

19-7-1991, வெள்ளி

நான் சொன்னால் கேட்கமாட்டான். வீட்டில் சொன்னால்? சும்மா போய்ச் சொன்னால் கோள் மூட்டுகிறவன் என்பார்கள். பத்திரிகை அடித்து, வெற்றிலை பாக்கோடு வைத்து அழைத்தால் வராமல் இருக்க முடியுமா? அவன் செய்கிற காரியத்தை அப்படியே எழுதி அச்சாபீஸ் சங்கையாவிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

21-7-1991, ஞாயிறு

பால்பாண்டிக்கு வைகாசியில்தான் கல்யாணம். ஆடி பிறந்ததால் புதுப்பெண்டாட்டி தேவதானத்தில் ஆத்தா வீட்டில் இருக்கிறாள். பஸ் ஏறிப் போனேன். பெண் குளிக்கப் போயிருந்தாள். மாமியார் ஆவுடையம்மாள் தட்டை ரெண்டு கையாலும் வாங்கினார். எழுத்து வாசிக்கத் தெரியாதாம்.

"என்ன விசேசம்யா?"

விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "உங்க மருமகன் பேரு போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் ஸ்டாண்டுக்கு அவசியம் வந்துருங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்தேன். பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், ஊர் வருகிற வரை.

26-7-1991, வெள்ளி

ஐந்தரை மணிக்கு ஆவுடையம்மாள் வந்தார். கூடவே ரெண்டு தம்பிமார், கையில் கம்பு. நேரே பால்பாண்டியின் சட்டையைப் பிடித்தார்.

"எங்கலே அவ?"

"எவ அத்தை?"

"ஆடி மாசம்! எம் மக எங்கூட இருக்கா! கார் ஸ்டாண்டுல வச்சுப் பத்திரிக அடிக்கான்னா, ரெண்டாங் கல்யாணம் இல்லாம வேற என்னலே?"

மகள் மனசு ஒடிந்துவிடும் என்று அஞ்சு நாளாகப் பத்திரிகையை யாருக்கும் காட்டவில்லையாம்! நான் மெட்டடாருக்குப் பின்னால் ஒளிந்தேன். பால்பாண்டி குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறான். கம்பு ஓங்குகிறது.

அந்த நேரம் பார்த்து அழகுத்தாய் பஞ்சு மார்க்கெட் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தார். "ஏட்டி, படிச்ச பிள்ளையா இருக்க. இத வாசி."

பத்திரிகையில் என் பெயரைப் பார்த்தாள். வேனுக்குப் பின்னால் என்னையும் பார்த்தாள். மடித்துக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். ஸ்டாண்டின் நடுவில் நின்று உரக்க வாசித்தாள்.

"நிகழும் ஆடி மாதம் பத்தாம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு மேல், திருநிறைச்செல்வன் பால்பாண்டி அவர்கள் வழக்கம்போல் பெண்பிள்ளைகளைப் பார்த்து ஹாரன் அடிக்க இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து கண்டுகளிக்க வேண்டுகிறேன். தங்கள் நல்வரவை விரும்பும், கு. தனுஷ்கோடி, காவலாளி."

சீட்டுக் கச்சேரி நின்றுவிட்டது.

"இம்புட்டுத்தானா? கல்யாணம் இல்லையா?" ஆவுடையம்மாள் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. டாக்சியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "பத்திரிக வச்சுக் கூப்பிட்டிருக்காவ. பாக்காமப் போகமாட்டேன். அடிலே ஹாரன!"

பால்பாண்டி தரையைப் பார்த்தான்.

"அடிங்கண்ணே, நான் நடக்கேன்" என்றாள் அழகுத்தாய். ஸ்டாண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒவ்வொரு அடியாக, மெதுவாக நடந்தாள். ஒரு சத்தமில்லை. என் மகளா அது!

2-8-1991, வெள்ளி

தெற்குச் சுவர் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் டிரைவர்கள் என்னைக் கண்டால் பீடியை மறைக்கிறார்கள். "அண்ணாச்சி, எம் பேர எதுலயும் போட்டுறாதீக" என்று மெட்டடார்காரன் டீ வாங்கித் தருகிறான்.

24-8-1991, சனி

ஸ்ரீவில்லிபுத்தூரில் அழகுத்தாய்க்குப் பரீட்சை. காலை எட்டு மணிக்கு ஸ்டாண்டு வழியாக பஸ்ஸுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க எதுக்கு வாறீக? ஸ்டாண்டப் பாருங்க."

சரி என்று நின்றுவிட்டேன். சாயங்காலம்வரை எத்தனை வண்டி வந்தது, எத்தனை போனது என்று எனக்குத் தெரியாது.