கரடிக்கு யார் பேரில் பட்டா

திண்ணனூர் நாடு,
ஆனி மாதம்.

கண்ணு கலைச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடு கன்றும் நல்லபடியாக இருக்கிறோம், கனடாவில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, உங்கள் கம்பெனிக் கரடிப் பொம்மை அனுப்பினாயே, அதை நான் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அது என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பொம்மை மேல் பொறாமைப்படுகிற பொம்பளை இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பின்னே என்ன கண்ணு, நீ சாமைச்சோறு வேண்டாமென்று வாயை மூடிக்கொள்ளும்போதெல்லாம் கம்பளியைப் போர்த்தி, முதுகில் முறத்தைக் கட்டிக்கொண்டு, கரடி மாதிரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி உன் தட்டை மோப்பம் பிடித்தது யார்? நீ அதைக் கம்பெனியில் சொன்னாய், அவர்கள் கார்ட்டூன் படமாக எடுத்துவிட்டார்கள். முதலில் எனக்கும் பெருமைதான், செம்மேட்டுச் சந்தையில் காய் வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னேன். இப்போது பார், பக்கத்து வீட்டு முருகானந்தத்தின் சின்ன மகள் சாப்பிட அடம்பிடிக்கிறாளே என்று அதையே செய்து காட்டினால், "அந்தக் கரடியாட்டமே பண்றீங்க பெரீம்மா, ஆனா அதுதான் நல்லாப் பண்ணுது" என்கிறாள். உன் மாமன் மகன் முரளி நான் செய்ததைப் போனில் பிடித்து நாலு பேர் பார்க்கப் போட்டான், மறுநாள் காணோம். அது உங்கள் கம்பெனிச் சொத்தாம், எடுத்துவிட்டார்களாம். உன் அப்பா கஞ்சி குடித்துக்கொண்டே, "உன்ற கூத்துக்குப் பட்டா அவங்க பேருக்கு மாறிப்போச்சு புள்ள, தாலுக்கா ஆபீசுல மனு குடு" என்கிறார்.

நாம் மிளகைப் பறித்துக் காயவைத்து ஒரு தடவை விற்கிறோம், மூட்டை லாரி ஏறினால் அதோடு சரி. உங்கள் ஆட்கள் ஒரே கரடியைப் படமாக விற்கிறார்கள், பிறகு பள்ளிக்கூடப் பையாக, தண்ணீர்ப் பாட்டிலாக, போர்வையாக, வாசலூர்பட்டி ஏரிக்கு வருகிற பிள்ளைகள் தலையிலெல்லாம் அதன் காது வைத்த தொப்பி. விற்க விற்கத் தீராத மிளகு. போகட்டும், நான் பங்கு கேட்கவில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு. அந்தக் கரடியின் கண்ணை மட்டும் மாதக்கணக்கில் வரைந்தேன் என்றாய், பெற்றவள் கண்ணைப் பார்க்க மட்டும் லீவு இல்லை, இரண்டாம் பாகம் வருகிறது என்கிறாய். ஆடிப் பதினெட்டுக்கு வா. வந்து முருகானந்தம் வாசலில் நின்று, இது முதலில் எங்கம்மா செய்தது என்று உன் வாயால் அந்தப் பிள்ளையிடம் சொல். அது போதும் எனக்கு. நான் சொன்னால் நம்ப மாட்டேனென்கிறாள்.

இன்னொன்று, காட்டுப்பன்றியை விரட்ட உன் அப்பா போடுகிற சத்தத்தை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. கதை வேண்டுமென்றால் அவரவர் அம்மாவைக் கேட்டுக்கொள்ளச் சொல். ராத்திரி வேலையென்று பட்டினி கிடக்காதே சாமி. அறப்பளீஸ்வரர் உன் கூடவே இருப்பார். லீவு கேட்க மறக்காதே.

உன்னையும் அந்தக் கரடியையும் பெற்றவள்,
பாப்பாத்தி

எழுத விட்டுப்போனது: நேற்று அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் செய்து காட்டினேன், இந்தத் தடவை வெகு நன்றாக வந்தது. முருகானந்தத்தின் நாய் நம்பிவிட்டது. செம்மேட்டு ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போட்டார்கள். பிள்ளை தட்டைக் காலி செய்துவிட்டாள்.